பாட்ஷாவை எதற்கு நீக்க வேண்டும்?

கேள்வி: புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் இயக்கம், திரைக்கதைப் பிரிவுக்கு எழுத்துத் தேர்வு எழுதிவிட்டு, நேர்காணல் அழைப்பு வருமா என்று காத்திருக்கிறேன். தேர்வு எழுதிய இடத்தில் பழக்கமான நண்பர்கள் சிலர் ஆளுக்குப் பத்துப் படம் என்று பிடித்த படங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் சொல்வதில் பாதிப் பெயர் எனக்குப் புதிது. தார்கோவ்ஸ்கி, பிரெஸ்ஸோன், பெலா தார் என்று வெளிநாட்டு இயக்குநர்களின் பெயரைச் சொல்கிறார்கள். என் பட்டியலில் முதல் படம் பாட்ஷா. அதை நீக்கிவிட்டு வேறு ஏதாவது போடட்டுமா? முடிவு வருவதற்குள் எந்தெந்தப் படங்களைப் பார்த்துத் தேறுவது? கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

பதில்:

நீக்க வேண்டாம். ஆனால் பாட்ஷாவில் என்ன பிடிக்கும் என்று கேட்டால் ‘தலைவர் மாஸ்’ என்பதற்கு மேல் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். உங்கள் நண்பரிடம் தார்கோவ்ஸ்கியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ‘கவித்துவம்’ என்று ஒரு சொல் வரும். அதுவும் ‘மாஸ்’ மாதிரியான சொல்தான், இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டுமே படத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நான் ஒலிப்பதிவுக்காரன். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு, நேர்காணலுக்குப் போகிறவர்களைத் தயார் செய்ததும் உண்டு. இந்தப் பட்டியல் விவகாரம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அறையில் இருப்பவர்கள் அந்தப் பிரிவின் ஆசிரியர்களும் வெளியிலிருந்து வரும் சினிமாக்காரர்களும். காலையிலிருந்து அதே ஐந்தாறு பெயர்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். உரையாடல் ஏறக்குறைய இப்படி நடக்கும்:

“பிடித்த இயக்குநர்?”

“தார்கோவ்ஸ்கி, சார்.”

“எந்தப் படம்?”

“மிரர்.”

“அதில் ஒரு ஷாட் சொல்லுங்கள்.”

“கொட்டகை எரியும் ஷாட்.”

“சரி. தீயை நாம் முதலில் எங்கே பார்க்கிறோம்?”

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். கேமரா முதலில் வீட்டுக்குள்ளேயே இருக்கும். பிள்ளைகள் எழுந்து ஓடுவார்கள், மேசையிலிருந்து ஒரு பாட்டில் உருண்டு விழும், கேமரா மெதுவாக நகர்ந்து ஒரு கண்ணாடிக்கு வரும். தீ நமக்கு அங்கேதான் முதலில் தெரியும். அதன் பிறகுதான் வாசல், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர், அதற்கு அப்பால் எரியும் கொட்டகை. படத்தைப் பார்த்தவனுக்கு இது தெரியும். படத்தைப் பற்றிய காணொளிகளை மட்டும் பார்த்தவனுக்குத் தீ மட்டும்தான் ஞாபகம் இருக்கும். இதைக் கேட்பவர்கள் மடக்குவதற்காகக் கேட்பதில்லை. உங்கள் கண் எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள்.

இனி உங்கள் பாட்ஷாவுக்கு வருவோம். 1995 பொங்கலுக்கு வந்த படம், சுரேஷ் கிருஷ்ணா இயக்கம், தேவா இசை, பாலகுமாரன் வசனம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு ஆட்டோ டிரைவர் மாணிக்கம் போகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். (அட்மிஷனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பொருத்தமான காட்சிதான்.) கல்லூரிக்காரன் அந்தப் பெண்ணைப் பார்க்கும் பார்வையே சரியில்லை. மாணிக்கம் தங்கையை வெளியே அனுப்புகிறான். தன் பெயர் மாணிக்கம் என்றும், தனக்கு இன்னொரு பெயர் இருக்கிறது என்றும் சொல்கிறான். அந்த இன்னொரு பெயரை நாம் கேட்பதற்குள் படம் நம்மையும் அறைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தங்கை நிற்கிறாள், அவளோடு நாமும் நிற்கிறோம். உள்ளே வாய் அசைவது தெரிகிறது, வார்த்தை கேட்கவில்லை. கொழுப்பாக உட்கார்ந்திருந்தவன் நடுங்குவது மட்டும் தெரிகிறது. சீட் கிடைத்துவிடுகிறது.

தியேட்டரில் இந்த இடத்தில் எழும் விசிலுக்கு ரஜினி ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. இன்னொரு காரணம் அந்தக் கண்ணாடி. படத்தின் ஆகப் பெரிய தகவலை நாயகன் சொல்லும் நொடியில் ஒலியை எடுத்துவிட்டார்கள். காட்சி மாணிக்கத்தின் பார்வையில் தொடங்கி, தங்கையின் பார்வைக்கு மாறி முடிகிறது. தெரிந்துகொள்ளும் உரிமை வில்லனுக்கு மட்டும் கிடைக்கிறது, பார்வையாளனுக்கு இல்லை. இடைவேளை வரை படம் இதையேதான் செய்துகொண்டிருக்கும். மின்கம்பத்தில் கட்டிவைத்து அடித்தாலும் சிரிப்பான், யார் என்று சொல்ல மாட்டான். அத்தனை நேரம் பிடித்துவைத்த நீரைத்தான் ‘உள்ளே போ’ என்று தம்பியிடம் கத்தும் இடத்தில் திறந்துவிடுகிறார்கள்.

இதை உங்கள் வார்த்தையில் சொல்ல முடிந்தால், பாட்ஷா என்ற பெயரைக் கேட்டு முகம் சுளித்தவர் கூட நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவார். அடுத்து அவர் எங்கே போவார் என்பதையும் யோசித்துவையுங்கள். வடக்கத்திக்காரர் என்றால் 1991இல் வந்த ‘ஹம்’ என்ற இந்திப் படத்தைப் பற்றிக் கேட்கலாம். அமிதாப் பச்சன் நாயகன், ரஜினி அதில் தம்பி. பாட்ஷாவின் விதை அங்கிருந்து வந்தது. அதையும் பார்த்துவிட்டு, எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று சொல்லத் தெரிந்தால் நல்லது. அது திரைக்கதைப் பிரிவுக்கு விண்ணப்பித்தவருக்கு ஒரு முழுப் பாடம்.

சரி, என்ன பார்ப்பது? ‘பார்த்தே ஆக வேண்டிய நூறு படங்கள்’ வகைப் பட்டியல் எதையும் நான் தரப்போவதில்லை. முடிவு வரும் பதற்றத்தில் நாளுக்கு மூன்று படம் என்று விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்காணலில் ஒரு படத்தின் மழையை இன்னொரு படத்தில் பெய்யவைப்பார்கள். அதைவிட, உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து நடங்கள். கண்ணாடிக் கதவுக் காட்சியையே எடுத்துக்கொண்டு எப்படிப் போகலாம் என்று காட்டுகிறேன். உச்சத்தில் ஒலியை எடுத்துவிடுவது என்பதுதான் நூல்.

முதல் நிறுத்தம் பதேர் பாஞ்சாலி (1955). மகள் துர்கா இறந்தது தெரியாமல் ஊரிலிருந்து திரும்பும் ஹரிஹர், வாங்கிவந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறான். மகளுக்கு வாங்கிய சேலையை நீட்டும்போது அதுவரை இறுகிக் கிடந்த சர்பஜயா உடைகிறாள். வாய் திறக்கிறது, அழுகுரல் வரவில்லை. அந்த இடத்தில் தார்ஷெனாய் ஒலிக்கிறது. எஸ்ராஜ் போல வில்லால் வாசிக்கும் கருவி அது, குழல் பொருத்தியிருப்பதால் குரல் கூர்மையாக வரும். ஒரு தாயின் ஓலத்தை நடிகையின் தொண்டையிலிருந்து எடுத்து ஒரு தந்திக்கருவியின் கையில் கொடுத்துவிட்டார் சத்யஜித் ராய். ரவிசங்கரின் இசை என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்தச் சில நொடிகளை மட்டும் ஒலியோடு ஒரு முறை, ஒலியில்லாமல் ஒரு முறை பாருங்கள். ஒலி இல்லாதபோது அது ஒரு பெண் அழும் காட்சி. ஒலி வந்ததும் வேறு என்னவோ ஆகிவிடுகிறது. அந்த ‘என்னவோ’வை நீங்களே எழுதிப் பாருங்கள். அதை எழுத முடிந்தால் படம் திரையிட்டு எழுதச் சொல்லும் பயிற்சி எதற்கும் பயப்பட வேண்டியதில்லை.

அங்கிருந்து ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரான்’ (1985). கோட்டை முற்றுகை. அம்பு பாய்கிறது, ஆட்கள் சாய்கிறார்கள், தீ எரிகிறது. போரின் சத்தம் ஒன்றும் கிடையாது, தகேமித்ஸுவின் இசை மட்டும். நிமிடக்கணக்கில் இப்படியே போகும். பிறகு ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. அந்த ஒரு வெடியோடு போரின் முழு இரைச்சலும் திரும்ப வந்து மோதுகிறது. ஒலியை எடுத்தவன் அதை எப்போது திருப்பித் தர வேண்டும் என்ற கணக்குத்தான் அங்கே பாடம். பாட்ஷாவில் ‘உள்ளே போ’ வந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அடுத்தது, இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது, ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியின் ‘க்ளோஸ் அப்’ (1990). உங்களைப் போலக் காத்திருப்பவர்கள் எல்லாரும் பார்க்க வேண்டிய படம். தெஹ்ரானில் சப்ஸியான் என்ற ஏழை, தன்னை மொஹ்சென் மக்மல்பாஃப் என்ற பிரபல இயக்குநர் என்று சொல்லிக்கொண்டு ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறான். மாட்டிக்கொண்டு வழக்கு நடக்கிறது. உண்மையில் நடந்த சம்பவம் அது. கியாரோஸ்தமி நீதிமன்ற விசாரணையைப் படமாக்கி, நடந்ததைச் சம்பந்தப்பட்டவர்களை வைத்தே திரும்ப நடிக்கவைத்தார். அந்த ஆள் பணத்துக்காகத்தான் ஏமாற்றினானா? சினிமாமீது இருக்கும் தீராத ஆசை அவன் பேச்சு முழுக்கக் கிடக்கிறது. கடைசியில் நிஜ மக்மல்பாஃப் வந்து அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறார். படக்குழு தூரத்திலிருந்து பின்தொடர்கிறது. அப்போது மைக் பழுது. பேச்சு விட்டு விட்டு வருகிறது, போகிறது. நாம் எதைக் கேட்கக் காத்திருந்தோமோ அதுதான் கேட்கவில்லை. அது பழுதே இல்லை, அந்த வெட்டுகள் கியாரோஸ்தமி திட்டமிட்டுச் செய்தவை. மறுபடியும் அதே கண்ணாடிக் கதவு! ஆனால் பாட்ஷாவில் ஒலியை மறைத்தது நமக்குள் ஆவலை ஏற்ற. இங்கே மறைத்தது ஒரு மனிதனுக்கு அவனுடைய அந்தரங்கத்தைத் திருப்பிக் கொடுக்க. ஒரே உத்தி, இரண்டு நியாயங்கள். இயக்கம் படிக்கப் போகிறவர் நாள் முழுக்க யோசிக்கலாம்.

கையோடு ஒன்றை எதிர்த்திசையிலும் பாருங்கள். வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாகா தாரா’ (1960). தான் விரும்பியவன் வீட்டில் தன் தங்கையே இருப்பது தெரிந்து நீத்தா மாடிப்படியில் இறங்கிவருகிறாள். ஒலியை எடுக்கவில்லை, இல்லாத ஒலி ஒன்றைச் சேர்க்கிறார்: சாட்டையடி. அங்கே சாட்டையும் கிடையாது, அடிப்பவனும் கிடையாது. முதல் முறை கேட்டபோது எனக்கு இது ரொம்பவும் தூக்கலாக இருக்கிறதே என்று பட்டது. இப்போதும் அப்படிப் படுகிறதுதான், ஆனால் அந்தத் தூக்கல் இல்லாமல் கட்டக் இல்லை. நீங்கள் போக நினைக்கும் அதே இன்ஸ்டிட்யூட்டில் 1960களின் நடுவில் துணை முதல்வராக இருந்தவர் அவர். இருந்தது கொஞ்ச காலம். அந்தக் கொஞ்ச காலத்தில் அவரிடம் பாடம் கேட்ட மணி கவுல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் மூவரும் இயக்குநர்களாகி மூன்று திசைகளில் போனார்கள். ஜான் ஆபிரகாம் தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) எடுத்தார். பார்க்காவிட்டால் பார்த்துவிடுங்கள். திரைக்கதை வெங்கட் சாமிநாதன் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஒரு காட்சியில் தொடங்கி நாலு படம். பத்து நாளைக்குத் தாராளமாகப் போதும், திரும்பத் திரும்பப் பார்த்தால்.

உங்கள் நண்பர்களின் பட்டியலைக் கண்டு மிரள்வதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலகத்திலேயே ஆகப் பெரிய பட்டியல் எது? பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களைக் கேட்டு வெளியிடுவதுதான். முதல் முறை ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ முதலிடம், அப்போது அந்தப் படத்துக்கு வயது நாலு. 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ யாரையும் உட்காரவிடவில்லை. 2012இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’. 2022இல் பெல்ஜிய இயக்குநர் சந்தால் அக்கர்மனின் ‘ஜான் டீல்மன்’, 1975இல் வந்த படம், மூன்று மணி நேரத்துக்கு மேல், ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் பொறுமையாகக் காட்டும் படம். அதே ஆண்டு இயக்குநர்களைத் தனியாகக் கேட்டபோது அவர்கள் முதலிடம் கொடுத்தது குப்ரிக்கின் ‘2001’க்கு. படித்தவர்களும் எடுத்தவர்களும் ஒரே வருடத்தில் இரண்டு பக்கம் கை காட்டுகிறார்கள் என்றால், உங்கள் நண்பர் கூட்டத்தில் யாருடைய பட்டியல் சரி என்று எதற்குச் சண்டை?

அக்கர்மனைப் பற்றி ஒரு துணுக்கு. பதினைந்து வயதில் பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் ‘பியரோ லெ ஃபூ’ பார்த்துவிட்டுச் சினிமா எடுப்பது என்று முடிவு செய்தவர். பிரஸ்ஸல்ஸில் திரைப்படப் பள்ளியில் சேர்ந்தார், சேர்ந்த வேகத்திலேயே விட்டுவிட்டும் போனார். ‘ஜான் டீல்மன்’ எடுக்கும்போது வயது இருபத்தைந்து சுற்றி.

வேறு பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பிடித்த படத்தைப் பற்றிப் பேசும்போது உங்கள் பிரிவின் வழியாகப் பேசுங்கள். ஒளிப்பதிவுக்குப் போகிறவர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தால் கேட்பவருக்குச் சலிப்பு வரும். ‘அபராஜிதோ’ (1956) பிடிக்கும் என்றால் பனாரஸ் வீட்டின் முற்றத்து வெளிச்சத்தைப் பற்றிப் பேசுங்கள். அது நிஜ வீடு இல்லை, ஸ்டுடியோவில் பன்சி சந்திரகுப்தா போட்ட செட். மேலே துணியைக் கட்டி, விளக்கை அதில் அடித்துத் திருப்பி, வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற பகல் வெளிச்சத்தை உண்டாக்கினார் சுப்ரதா மித்ரா. பதேர் பாஞ்சாலிக்கு முன் சினிமா கேமராவைக் கையாண்டிராத மனிதர் அவர்! கலை இயக்கத்துக்குப் போகிறவருக்கு அதே முற்றம் வேறு பாடம். தமிழில் வேண்டுமென்றால் ‘நாயகன்’ (1987) இருக்கிறது. சென்னையில் தோட்டா தரணி கட்டிய தாராவி. செட் என்று சொல்லாவிட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? எடிட்டிங்கா, ‘பேட்டில்ஷிப் பொட்டம்கின்’ (1925) படிக்கட்டுக் காட்சியை எடுத்து, நிஜத்தில் இறங்க ஆகும் நேரத்தைவிட அது ஏன் இவ்வளவு நீள்கிறது என்று கணக்குப் போடுங்கள். எங்கள் ஒலிப்பிரிவுக்கு வருகிறவர்களுக்கு மேலே சொன்ன நூலே போதும். ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் வாங்கியதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதை எல்லாரும் சொல்கிறார்கள்.

‘யதார்த்தமான படம்’ என்ற சொல்லையும் கொஞ்ச நாளைக்குக் கடன் கொடுத்துவிடுங்கள். பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) பிடிக்கும் என்று சொல்லும் தமிழ் மாணவர்கள் நிறைய. ஏன் என்றால் யதார்த்தம் என்பார்கள். பாட்டு இல்லை என்பார்கள். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருகிறாரே, சொக்கலிங்க பாகவதர், குடையும் கையுமாக, அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிறாரே, அதைச் சொல்லுங்கள். வசனமே இல்லை. ஒரு கிழவரின் கை, பூசாத செங்கல், இளையராஜாவின் இசை. பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோகிறார். அந்தச் சுவரை அவர் தொடாமல் போயிருந்தால் அந்த மரணம் ஒரு தகவலாக மட்டும் நின்றிருக்கும். பாலுமகேந்திரா இதே புனேயில் ஒளிப்பதிவு படித்தவர். மட்டக்களப்புப் பக்கத்துப் பையன். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படப்பிடிப்பில் அதன் இயக்குநர் டேவிட் லீனைப் பார்த்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

நேர்காணல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ நடக்குமே என்ற கவலை உங்களுக்கு இருக்கலாம், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பாட்ஷாவைப் பார்க்காத ஒருவரைப் பிடித்து, அந்தக் கண்ணாடிக் காட்சியை உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், கேமரா எந்தப் பக்கம், எப்போது சத்தம் நிற்கிறது. அவருக்குக் காட்சி கண்ணில் தெரிந்துவிட்டால் உங்கள் ஆங்கிலம் போதும். இலக்கணம் பார்த்து மார்க் போடுவதற்கு அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

பெரிய திரையில் பார்க்க வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள். செல்பேசியில் ‘ரான்’ பார்ப்பது, பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள மட்டும் உதவும். சென்னையில் இருந்தால் அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ்முல்லர் பவன், ரஷ்யக் கலாசார மையம் போன்ற இடங்களில் திரையிடல்கள் நடக்கும், கண் வைத்திருங்கள். டிசம்பர் என்றால் இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் சென்னைத் திரைவிழா, முடிந்தால் திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேசத் திரைவிழா. திருவனந்தபுரத்தில் தியேட்டருக்குள் பார்ப்பதைவிட வாசல் வரிசையில் கேட்பது அதிகம். ஆட்டோ ஓட்டுபவரும் கல்லூரிப் பெண்ணும் ஒரு கொரியப் படத்துக்காகச் சண்டை போடுவார்கள்.

ஒரு விழா எவ்வளவு செய்யும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைவிழா பம்பாயில் தொடங்கி மெட்ராஸுக்கும் வந்தது. ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, ‘ராஷோமோன்’ இரண்டும் அதில் இருந்தன. அடுத்த ஆண்டே பிமல் ராயின் ‘தோ பிகா ஜமீன்’. 1954இல் இங்கே எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’, ஒரு கொலையை ஆளுக்கு ஒரு கோணத்தில் சொல்லும் படம், ஒரு பாட்டுகூடக் கிடையாது, அதுவும் சிவாஜி கணேசனை வைத்துக்கொண்டு. யாராவது கேட்டால், தமிழ்ப் பார்வையாளனுக்கு உலக சினிமா நேற்று வந்ததில்லை என்று சொல்வதற்கு இது கையில் இருக்கட்டும்.

புனேயில் இடம் கிடைத்தால் இதெல்லாம் வாசலிலேயே கிடைக்கும். 1960இல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தொடங்கிய இடம் அது. பக்கத்திலேயே 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம். அதைக் கட்டி எழுப்பிய பி.கே. நாயர், எந்தப் படத்தின் எந்த ரீலில் எந்தக் காட்சி என்று சொல்லக்கூடியவர். மாணவர்களுக்கு வகுப்பறையைவிட அந்தத் திரையரங்கு அதிகம் கற்றுக்கொடுத்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

கிடைக்காவிட்டால்? ஒரு பிரிவுக்குப் பத்துச் சொச்சம் இடங்கள், நாடு முழுவதிலிருந்தும் விண்ணப்பங்கள். கிடைக்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், இதில் ஆறுதல் சொல்ல ஒன்றுமில்லை. போலந்தின் வூட்ஜ் திரைப்படப் பள்ளி, பின்னாளில் பெரிய இயக்குநரான கீஸ்லோவ்ஸ்கியை இரண்டு முறை திருப்பி அனுப்பியது, மூன்றாம் முறைதான் சேர்த்துக்கொண்டது. ராய் எந்தப் பள்ளியிலும் சினிமா படிக்கவில்லை, 1947இல் நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி தொடங்கினார், அதுதான் அவருக்குப் பள்ளி. ‘கூழாங்கல்’ எடுத்து 2021இல் ராட்டர்டாம் திரைவிழாவில் டைகர் விருது வாங்கிய பி.எஸ். வினோத்ராஜ், படம் பார்க்கலாம் என்பதற்காகவே சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்தவர். வெற்றிமாறனுக்குப் பள்ளி பாலுமகேந்திராவின் அலுவலகம்.

கல்கத்தாவில் 1995இல் தொடங்கிய சத்யஜித் ராய் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, அதற்கும் எழுதுங்கள். தரமணியில் நம் அரசுத் திரைப்படக் கல்லூரியும் இருக்கிறது, அதை ஏன் எல்லாரும் கடைசியாகச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. 1945இல் தொடங்கிய பாரம்பரியம், பி.சி. ஸ்ரீராம் படித்த இடம். அங்கே படித்து வந்த கூட்டம் சேர்ந்து 1986இல் ‘ஊமை விழிகள்’ எடுத்தபோது கோடம்பாக்கமே திரும்பிப் பார்த்தது. கட்டணம் குறைவு, பாடமும் தமிழில் பேசிப் புரிந்துகொள்ளலாம். புனே முடிவு வரும்வரை அதற்கு விண்ணப்பிக்காமல் காத்திருக்காதீர்கள், தேதி போய்விடும்.

நண்பர்கள் குழுவில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். பத்துப் படப் பெயர்களுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு காட்சி. படத்தின் பெயரைச் சொல்லாமல், என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்பதை மட்டும் எழுத வேண்டும். மற்றவர்கள் அது எந்தப் படம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பெலா தார் பிரியர் தடுமாறலாம். நீங்களும் தடுமாறலாம். முதல் ஆளாகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் தங்கையை நீங்கள் எழுதி அனுப்புங்கள். நண்பர்கள் என்ன பதில் போடுகிறார்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.